அளந்து வைத்த மூச்சு

எங்கள் ஊர்க் கோயிலில் மனிதருடைய மூச்சை எண்ணிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். சிதம்பரம் சிற்சபையின் பொன் ஓடுகள் 21,600 என்பது மரபு. ஒரு நாளில் ஓர் ஆள் விடும் மூச்சு அத்தனை. ஓடுகளில் அறைந்த ஆணிகள் 72,000. உடம்பில் ஓடும் நாடிகள் அத்தனை. கீழவீதியில் பூக் கட்டுகிறவர்களைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். எனக்கு என் அப்பா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொல்லியிருப்பார்.

கணக்கு என்று வந்துவிட்டால் கையிருப்பு என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஆயுசு வருஷத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். மெல்ல மூச்சு விடும் ஆமை நூறு வயதைத் தாண்டுகிறது, இரைத்துக்கொண்டே ஓடும் நாய் சீக்கிரம் போய்விடுகிறது என்று சாட்சியும் காட்டுவார்கள். சித்தர் வழியில் வந்தவர்கள் இன்னும் நுட்பமாகப் போவார்கள்: பன்னிரண்டு அங்குலம் வெளியே போகும் மூச்சில் எட்டுதான் உள்ளே திரும்புகிறது, நாலு அங்குலம் நட்டம், அந்த நட்டத்தைக் குறைப்பவன் ஆயுளைக் கூட்டுகிறான். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஓட்டமும் ஆட்டமும் எப்படித் தெரியும்? செலவாகத்தான் தெரியும்.

நான் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடி சொல்லித்தருகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அணியில் சேர வந்தாள். மூன்று வயதிலிருந்தே வீசிங். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது. பெயர் கொடுத்த மறுநாளே ஆயா பள்ளிக்கு வந்துவிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, களத்து ஓரத்தில் நின்றபடியே கேட்டார்: "சாமி அளந்து வெச்ச மூச்சு டீச்சரம்மா. எம் பேத்திக்கு அளக்கும்போதே கொறைச்சு அளந்துட்டான். இருக்கறதையும் சடுகுடு ஆடித் தீத்துட்டாள்னா, நான் அவ அப்பன்கிட்ட என்ன பதில் சொல்றது?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு முட்டும் இரவுகளில் பக்கத்தில் இருப்பவர் அவர். இழுப்பு வந்த குழந்தை எப்படி உட்காரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படுக்க முடியாது. கைகளை முன்னால் ஊன்றித் தோளைத் தூக்கி உட்காரும். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்வாங்கும், விலா இடுக்குகள் பள்ளம் விழும். பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. கண் மட்டும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நடுராத்திரியில் ஆட்டோ தேடி ஓடி, நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்த ஒருவர், அந்த மூச்சை இனிச் செலவழிக்க வேண்டாம் என்று சொன்னால் அதில் குற்றம் காண நான் யார்?

ஆயா மட்டும் இல்லை. படித்த வீடுகளிலும் இதே பயம்தான். விளையாட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார்கள். பள்ளிகளும் அதற்குத் தயாராகவே இருக்கின்றன. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கிற, ஸ்கோர் எழுதுகிற, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற பிள்ளை எல்லாப் பள்ளியிலும் ஒன்றிரண்டு உண்டு. மற்றவர்கள் பயத்தைப் பயமாகவே சொல்கிறார்கள். ஆயா ஒருவர்தான் அதற்குக் கடவுளைச் சாட்சிக்கு அழைத்தார். அதனால்தான் அவர் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. மூச்சு ஒருவருக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது? வைத்திருக்கவா, ஆடவா?

முதலில் குறைச்சு அளந்தது என்பதைப் பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் அழற்சியோடுதான் இருக்கிறது. தூசி, புகை, சளி, பனிக்காற்று என்று ஏதாவது சீண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி குறுகும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. கூடவே குழாயும் சற்று விரிந்து காற்றை உள்ளே விடும். வெளியே விடும்போதுதான் சிக்கல். நெஞ்சு அடங்க அடங்கக் குழாயும் ஒடுங்கும். போன காற்று முழுக்க வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சுக்கு அவசரம் வந்துவிடும். பழைய காற்று உள்ளேயே தேங்கும். கடுமையாக இழுக்கும் நேரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரல் அளவு மீறி உப்பியிருப்பதும், உதரவிதானம் தட்டையாகிக் கிடப்பதும் தெரியும்.

ஆயாவிடம் இதைத்தான் சொன்னேன். "மூச்சு கொறைச்சலா இல்ல ஆயா. உள்ள அடைஞ்சு கெடக்கு. வெளிய விட முடியல, அதான் இழுக்குது." அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "ஆமா, கை வெச்சுப் பாத்தா நெஞ்சு பொம்முனு நிக்கும்" என்றார். டாக்டருடைய எக்ஸ்ரேயை அவர் உள்ளங்கை எப்போதோ எடுத்திருந்தது.

யோக நூல்கள் மூச்சைப் பூரகம், கும்பகம், ரேசகம் என்று பிரிக்கின்றன. இழுப்பது, நிறுத்துவது, விடுவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதைத்தான் விரிக்கிறார். ஆஸ்துமா வந்த நெஞ்சுக்குப் பூரகமும் கும்பகமும் கேட்காமலே நடந்துவிடுகின்றன. கிடைக்காமல் போவது ரேசகம். மூச்சைச் சேர்த்து வைப்பதால் அந்தப் பிள்ளைக்கு எந்த லாபமும் இல்லை. தேங்கிய காற்றுதான் அவளை அழுத்துகிறது.

இங்கே நான் ஒரு எல்லையில் நிற்க வேண்டும். பிடித்து வைத்தால் மூச்சு முட்டும், விட்டுக்கொடுத்தால் விடுதலை என்று இந்த நோயை ஒரு பிரசங்கமாக ஆக்கிவிடுவது எளிது. எனக்கு அது பிடிக்காது. ஒரு குழந்தையின் வாதை பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக வந்ததில்லை. அவளுடைய அம்மாவிடம் யாரோ போன ஜென்மத்து வினை என்று சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாய் திருப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் என்ன செய்தோம், என்ன செய்தோம் என்று தன்னையே கிளறிக்கொண்டிருக்கிறார். இதைச் சமயம் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஏனென்றால் எங்கள் சமயம் சொல்வது வேறு. சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைச் சொல்லும். உடம்பு, அதிலுள்ள கருவிகள், வாழ இடமாக உலகம், அதில் கிடைக்கும் அனுபவம். ஆணவ இருளில் கிடக்கும் உயிர் மேலேறி வருவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுப்பவை இவை. வினையை அந்தத் தத்துவம் மறுக்கவில்லை. ஆனால் வினை கழிவது உடம்போடு உலகத்தில் இறங்கிப் புழங்கித்தான். மரத்தடியில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட உயிருக்குப் போகம் எங்கே, பக்குவம் எங்கே? இழுப்பு உள்ள உடம்பும் கொடுக்கப்பட்ட உடம்புதான். பத்திரமாக மூடி வைக்கத் தரப்பட்டது என்று நான் படித்த எதிலும் இல்லை.

இனி 21,600. ஒரு நாளுக்கு அத்தனை என்றால் நிமிடத்துக்குப் பதினைந்து. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது பொருத்தமான எண்தான். பழையவர்கள் கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பிறந்த குழந்தை நிமிடத்துக்கு நாற்பது மூச்சு விடும். பள்ளிப் பிள்ளைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலே இருபதை ஒட்டி வரும். இருபது என்றே வைத்து நாள் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 28,800. அந்த ஓடுகள் ரேஷன் என்றால், பிறந்த அன்றைக்கே குழந்தை கடனாளி ஆகிவிடும். வளரும் உடம்புக்கு இறைவன் கை தாராளம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த எண்ணுக்கு மரபிலேயே இன்னொரு பொருளும் இருக்கிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மூச்சு தானாகவே ஒரு மந்திரத்தைச் சொல்கிறது, நாவால் சொல்லாத அந்தச் செபம் அசபை. அப்படியானால் 21,600 என்பது ஒரு நாளில் ஓர் உயிர் தன்னை அறியாமல் செய்யும் வழிபாட்டின் எண்ணிக்கை. செபத்தை யாராவது தீர்ந்துவிடும் என்று குறைப்பார்களா? திருவாரூர்த் தியாகராசரின் நடனத்துக்கு அசபா நடனம் என்றே பெயர். திருமால் சோமாஸ்கந்தரைத் தன் நெஞ்சில் வைத்துப் பூசித்தார். அவர் மூச்சு ஏற இறங்க, நெஞ்சின் மேலிருந்த ஈசன் அதற்குத் தக்கபடி ஆடினார் என்பது தல வரலாறு. ஒருவருடைய நெஞ்சு எழுவதும் தாழ்வதுமே இறைவனுக்கு ஆடுமேடை. பேத்தியின் நெஞ்சில் கை வைத்து இரவு முழுதும் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

எங்கள் ஊருக்கே திரும்புகிறேன். அந்த 21,600 ஓடுகளுக்குக் கீழே இருப்பவர் என்ன செய்கிறார்? ஆடுகிறார். உடுக்கையில் படைப்பு, அபயக் கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் அருள் என்று ஐந்தொழிலையும் ஆடியே செய்கிறார். மற்ற கோயில்களில் மூலவர் இருக்க உற்சவர் வெளியே வருவார். இங்கே ஆனியிலும் மார்கழியிலும் நடராசரே சிற்சபையை விட்டு இறங்கித் தேரேறி நாலு வீதியும் வருவார். கூரையைக் காட்டி மூச்சைச் சேமி என்று சொல்பவர்கள் கூரைக்குக் கீழேயும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சரி, தத்துவம் அனுமதித்துவிட்டது. மூச்சுக்குழாய் அனுமதிக்க வேண்டுமே. ஓடினால் பல ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு இழுக்கத்தான் செய்கிறது. ஆயா கண்டது பொய்யில்லை. மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. ஓடும்போது வாயால் வேகவேகமாக மூச்சு விடுவதால் அந்த வேலை நடக்காமல், மூச்சுக்குழாயின் ஈரம் வற்றுகிறது. அதைத் தாங்காத செல்கள் ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்ட, தசை இறுகுகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் பிள்ளை நன்றாகவே இருக்கும். நிறுத்தி, உட்கார்ந்து, ஐந்து பத்து நிமிடம் ஆன பிறகுதான் இருமல் ஏறும். ஆட்டம் முடிந்தது என்று ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் போய்விடும் நேரம் அது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அது பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படி ஒருமுறை இறுகித் தணிந்தபின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பலருடைய மூச்சுக்குழாய் அவ்வளவு சீக்கிரம் சீண்டலுக்கு ஆளாவதில்லை. அதனால்தான் எடுத்த எடுப்பில் ஓட விடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் நடை, மெல்லோட்டம், நடுநடுவே சின்னச் சின்ன வேக ஓட்டம் என்று உடம்பைச் சூடேற்றுகிறோம். டாக்டர் சொல்லியிருந்தால் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே சால்புட்டமால் பம்ப், ஸ்பேசர் வைத்து.

களத்துக்குத் தண்ணீர் தெளிக்காமல் நாங்கள் ஆடுவதில்லை. எல்லாரும் கால் வழுக்காமல் மண் இறுகத் தெளிப்பார்கள். நான் தூசிக்காகவும் தெளிக்கிறேன். சம்பா அறுவடை நாட்களில் பள்ளிக்கு வெளியே ரோட்டிலேயே நெல் தூற்றுவார்கள், வைக்கோல் ஏற்றுவார்கள். அந்த வாரங்களில் இவளுக்கு உள்ளறையில் நீட்டி மடக்கும் பயிற்சிதான். போகிப் புகை, தீபாவளிப் புகை, சளி பிடித்த நாள், இரவில் இருமிய மறுநாள், எதிலும் ஆட்டம் கிடையாது.

ஆயாவின் கணக்குக்கு உடம்பே ஒரு பதில் வைத்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. தவறாமல் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு, அதே தூரம் அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் குறைந்த மூச்சே போதும். இதயமும் தசையும் வேலைக்குப் பழகிவிடுகின்றன. மூச்சு குறைவாக வாங்குவதால் குழாய் வறள்வதும் குறைகிறது. இழுப்பு தொடங்கும் எல்லை தள்ளிப்போகிறது. உட்கார வைத்த பிள்ளைக்கோ மாடிப்படி ஏறினாலே இரைக்கும். மூச்சைச் சிக்கனம் பண்ண வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு வழி ஆட்டம்தான். ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: விளையாட்டு ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் உடல் தகுதி கூடுகிறது, நோய் மோசமாவதில்லை என்கிறார்கள். சும்மா இருக்கும்போது நுரையீரல் ஊதும் அளவில் பெரிய மாற்றம் காணவில்லை. ஓடினால் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்தச் சொல்லும் உற்சாகக்காரர்களும் ஆபத்தானவர்களே.

மருந்து என்றதும் அடுத்த தடை. பம்ப் பழகிவிடும், வேண்டாம் என்பார்கள். மருந்து வைத்து விடும் மூச்சு சொந்த மூச்சா என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆயா பேத்தியை வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அழைத்துப்போய் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தவர். அவரிடம் நான் கேட்டேன்: அந்த ஊரில் ஈசனே வைத்தியராகத்தானே இருக்கிறார், கூட வந்த தையல்நாயகி கையில் தைலத்தோடுதானே வந்தாள்? தெய்வமே மருந்தோடு வந்து நிற்கும் தலத்துக்கு நேர்ந்துகொண்டுவிட்டு, மருந்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்ப் மைக்ரோகிராம் கணக்கில் மூச்சுக்குழாய்க்கே போகிறது. மாத்திரையாக விழுங்கினால் மில்லிகிராம் கணக்கு, ஆயிரம் மடங்கு பெரிய அளவை. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிப்பது. சால்புட்டமால் உள்ள நீலப் பம்ப் அப்போதைக்கு வழி திறப்பது. நீலத்தை மட்டும் நம்பி அடிக்கடி எடுத்துக்கொண்டிருந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். இழுப்பைத் தணிக்க வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

சொந்த மூச்சா என்ற கேள்வியை உலகமே ஒரு சிறுவன் மேல் வைத்துப் பார்த்திருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முதலில் வந்தவர் ரிக் டெமாண்ட். அமெரிக்கர், வயது பதினாறு, சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. அவர் எடுத்துக்கொண்ட ஆஸ்துமா மருந்தில் எஃபெட்ரின் இருந்தது என்று தங்கப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மருந்தைப் பற்றி அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். அதை உரிய இடத்தில் சேர்க்கத் தவறியது பெரியவர்கள். அடுத்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த உலகப் போட்டியில் அதே தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர் ஆனார் அவர். ஒருவருக்கு அவருடைய மூச்சைத் திருப்பிக் கொடுப்பதும், இல்லாத பலத்தை ஏற்றுவதும் வேறு வேறு என்று சட்டத்துக்குப் புரியக் காலம் பிடித்தது. 1984 ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியில் 597 பேரில் 67 பேருக்கு ஓடினால் இழுக்கும் தொல்லை இருந்தது. அவர்கள் 41 பதக்கம் வென்றார்கள். இன்று ஊக்கமருந்துத் தடுப்பு விதியே சால்புட்டமால் பம்புக்கு 24 மணி நேரத்துக்கு 1,600 மைக்ரோகிராம் வரை இடம் தருகிறது. என் சக ஆசிரியருக்கு என் பதில் இதுதான்: கண்ணாடி போட்டுப் படிக்கும் பிள்ளையின் படிப்பு அந்தப் பிள்ளையுடையது என்றால், பம்ப் இழுத்து ஆடும் பிள்ளையின் மூச்சும் அந்தப் பிள்ளையுடையதுதான்.

மரணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. ஆயா சொல்லாமல் சொன்னது அதைத்தான். ரோமானியத் தத்துவஞானி செனெகாவுக்கும் இந்த நோய் இருந்தது. லூசிலியஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று முழுக்க இதைப் பற்றியது. மருத்துவர்கள் இதைச் சாவுக்கு ஒத்திகை என்கிறார்கள் என்று எழுதுகிறார். மூச்சு முட்டும் நேரத்திலும் கலங்காமல் இருக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டதையும் சொல்கிறார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை வரும், கூடவே இந்தப் பிள்ளையின் முகமும் வரும். அவர் வாழ்ந்து முடித்த கிழவர். சாவைத் தத்துவமாக்கிக்கொள்ள அவருக்கு ஒரு வாழ்க்கை கையில் இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? மூன்று வயதிலிருந்து அவளும் ஒத்திகை பார்த்தாயிற்று. சாவு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் பார்க்காதது மற்றது. எதிரணியின் களத்துக்குள் நுழைந்து ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது. எட்டுப் பேர் தன் பெயரைக் கூப்பிட்டுக் கத்துவதைக் கேட்பது. சாவிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நாம் மறித்து நிற்பது பெரும்பாலும் இந்த வாசலில்தான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உயிரை எடுக்கும். விளையாட்டு மைதானத்திலும் எடுத்திருக்கிறது. சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பிள்ளையைக் களத்தில் இறக்குவது பக்தி ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழித்துச் சாமி தலையில் கட்டுவது அது. எனக்கு நம்பிக்கை என்றால் அவளுடைய பம்பில் மருந்து இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்ப்பது, ஆட்டம் முடிந்த பிறகும் கால் மணி நேரம் அவள் பக்கத்திலேயே நிற்பது, உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு உடைந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி என்று முன்பே பேசி வைப்பது. இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருக்கும் பயத்தைத்தான் நான் சாமியிடம் கொடுக்கிறேன். அந்த மிச்சத்தைக் கொடுக்க வேறு இடமும் இல்லை.

டாக்டரிடம் காட்டி, தினசரிப் பம்ப் தொடங்கி, இரவு இருமல் நின்ற பிறகே அவளைக் களத்தில் விட்டேன். முதலில் கார்னரில் நிற்க வைத்தேன். பிறகு ரெய்டு கேட்டாள். கபடியில் பாடிப் போவது என்றால் ஒரே மூச்சு. நடுவில் இழுத்தால் அவுட். முப்பது நொடி. பாட்டு என்பதே நீளமாக, விட்டுக்கொடுக்காமல், சத்தத்தோடு வெளியே விடும் மூச்சு. இவளுடைய நோய் எதைத் தடுக்கிறதோ அதையே விதியாக வைத்திருக்கும் ஆட்டம். அதனாலேயே அவள் பாட்டை நான் காது கொடுத்துக் கேட்கிறேன். நன்றாக இருக்கும் நாளில் "கபடி கபடி" ஒரே கனத்தில் போகும். குழாய் இறுகத் தொடங்கினால் ஒவ்வொரு கபடியிலும் கடைசி எழுத்து தேய்ந்துபோகும், நடுவில் ஒரு சின்ன விசில் சேரும். இருமல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு என்னை விட முன்பே தெரிந்துவிடும். கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் அணியில் சட்டம்.

ரெய்டு போகிறவளுக்கு மூச்சுக்கு அளவு உண்டு என்று தெரியும். ஆயாவுக்கும் அதே தெரியும். அளந்த மூச்சோடு எதிரிக் களத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எப்போது திரும்பினால் கோட்டைத் தொட மிச்சம் இருக்கும் என்று முப்பது நொடிக்குள் தீர்மானிக்கும் கலைதான் இந்த ஆட்டம். சிக்கனமும் உண்டு, துணிவும் உண்டு. எந்த இடத்தில் எது வேண்டும் என்பதை அவள் கற்றுக்கொள்கிறாள். அந்தக் கணக்கு அவள் கையில் இருக்க வேண்டியது. ஆயாவிடமோ என்னிடமோ, ஏன், டாக்டரிடமோ கூட முழுக்க இருக்க முடியாது. அந்த நெஞ்சுக்குள் நின்று பார்ப்பது அவள் ஒருத்திதானே.

ஆயா ஒருநாள் வந்து வேலியோரம் நின்று பார்த்தார். ஆட்டத்தைப் பார்த்தாரா, நெஞ்சைப் பார்த்தாரா தெரியாது. கண் பேத்தியை விட்டு அகலவில்லை. முடிந்ததும் முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை அவள் நெற்றியில் பூசினார். பிறகு தன் கையாலேயே நெஞ்சில் தடவிப் பார்த்தார். என்னிடம், "நாங்கூட மார்கழியில விடிய விடியக் கும்மி அடிச்சவதான்" என்றார். அளந்து வைத்த மூச்சு என்ற பேச்சை அவர் கைவிடவில்லை. இப்போதும் அப்படித்தான் சொல்கிறார், நானும் மறுப்பதில்லை.

குறுவட்டப் போட்டிக்கு ஒப்புதல் கடிதம் வாங்கப் போனபோது கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு நிபந்தனை வைத்தார். பனிக்காலத்தில் விடியற்காலைப் பயிற்சி வேண்டாம், வெயில் ஏறிய பிறகு அல்லது சாயங்காலம். இரண்டாவது: "அந்தப் பம்ப ஸ்டாஃப் ரூம் பீரோல வெச்சுப் பூட்டாதீங்க டீச்சரம்மா. சாவி தேடறதுக்குள்ள புள்ள போயிடும். அவ இடுப்புல ஒண்ணு, உங்க இடுப்புல ஒண்ணு." இரண்டும் நியாயமான நிபந்தனை. கடிதத்திலேயே எழுதி, கீழே நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.